ராஜமேரிக்குப் பொய் வராது

ராஜமேரிக்குப் பொய் வராது. மாரண்டஹள்ளிப் பக்கம், காட்டை ஒட்டிய அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் சலிப்போடு. சந்தையில் தக்காளி விற்க உட்கார்ந்தால், அடியில் இருப்பது நசுங்கினது என்று கேட்காமலே சொல்லிவிடுவாள். பக்கத்தில் கடை போடும் சசிகலா தலையில் அடித்துக்கொள்வாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடலைக்காட்டில் பாடுபட்டு, ஒரே மகள் பிளசியைப் படிக்கவைத்து, ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த ஜோசப் ராஜுக்குக் கட்டிக்கொடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடமே, இவளுக்குச் சமையல் சுமார்தான் என்று போட்டு உடைத்தவள். அந்த நேர்மையில் அவளுக்குக் கர்வமும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவளுக்கு எதிரியாக வந்து வாய்த்தது ஒரு குரங்கு. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் மலையிலிருந்து இறங்கி, வரப்போரப் புளியமரத்தில் குடியேறிவிடும். சிறுத்தையைக் கண்டால் குரங்குகள் ஒரு தினுசாகக் கத்தும். ஆடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. ராஜமேரியும் விழுந்தடித்து ஓடி ஆடுகளைப் பட்டியில் அடைப்பாள். பார்த்தால் சிறுத்தையும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. கத்தியது காது கிழிந்த ஒரு பெட்டைக் குரங்காக இருக்கும், எப்போதும் அதேதான். பொய்க்காரி, பொய்க்காரி என்று திட்டிக்கொண்டே கல்லை எடுப்பாள்.

அதே பருவத்தில் மகளும் பொய் சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம் ஜோசப் ராஜ் போன் பண்ணினான். அம்மாவுக்கு நெஞ்சு வலி, உடனே ஊருக்குப் போகணும் என்று பிளசி பையை எடுத்துக்கொண்டு நிற்கிறாளாம், நிஜம்தானா என்று கேட்டான். குரல் என்னமோ மரியாதையாகத்தான் இருந்தது. ராஜமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கென்னங்க மாப்ள, நான் நல்லாத்தான இருக்கறேன்?" என்றாள்.

மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு பிடி பிடித்தாள். என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படிப் புளுகுகிறாயே, மாப்பிள்ளை முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து, அம்மா வரப்பில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்று இன்னொரு கதை. அதையும் விசாரித்து அவன் போன் பண்ணினான். இவளும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதோடு பிளசி பேசுவது குறைந்துபோனது. உறைத்திருக்கும், திருந்திவிட்டாள் என்று தாய்க்காரி நினைத்துக்கொண்டாள். நினைப்பைப் பாருங்கள்!

ஒருநாள் காலையில் கடலைக்காட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது, காது கிழிந்தது பயந்து பயந்து வந்து ஒரு செடியைப் பிடுங்கியது. கூட்டத்துத் தடியன் குரங்கு பாய்ந்து வந்து அதன் பிடரியைக் கவ்வியது. அது மண்ணில் புரண்டது, கீச்சிட்டது, ஒன்றும் பலிக்கவில்லை. சட்டென்று வெறும் ஏரிக்கரையைப் பார்த்துச் சிறுத்தைச் சத்தம் போட்டது. கூட்டமே மரத்துக்கு ஓடியது. தடியனும் பிடியை விட்டு எழுந்து நின்று கரையைப் பார்த்தது. அந்த இடைவெளியில் இது ரத்தம் ஒழுக வேலிக்குள் நுழைந்து போயே போய்விட்டது.

ராஜமேரி எடுத்த கல் கையிலேயே இருந்தது. யோசித்துப் பார்த்தாள். இந்தக் குரங்கு சும்மா இருக்கும்போது ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. அடி விழும்போது மட்டும்தான் கத்தியிருக்கிறது. பிளசியின் நினைப்பு வந்ததும் கல்லைக் கீழே போட்டாள். நெஞ்சு வலி என்றாளே, கால் உடைந்தது என்றாளே, அப்போதெல்லாம் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

உடனே மருமகனுக்குப் போன் போட்டாள். வாழ்க்கையில் முதல் பொய், நாக்குத் திக்கியது. நிஜமாகவே நெஞ்சு வலிக்கிறது, பிளசியை அனுப்பிவையுங்கள் என்றாள்.

ஜோசப் ராஜ் சிரித்தான். "அவ சொல்லிக் குடுத்தாளா அத்தை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

இந்தப் போனுக்கும் சேர்த்துப் பிளசிக்கல்லவா அடி விழும்! ராஜமேரி காடு, கடலை, ஆடு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓசூர் பஸ்ஸைப் பிடித்தாள். வழியெல்லாம் ஜெபம் சொல்லப் பார்த்தாள், பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்த பிளசிக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பின்னாலேயே ஜோசப் ராஜ் வந்து நின்றான். வாங்க அத்தை, சாப்பிட்டுத்தான் போகணும் என்று சிரித்த முகமாகச் சொன்னான். உள்ளே போனால் கதவைச் சாத்திவிடுவான், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. படி ஏறவில்லை. தெருவிலேயே பொத்தென்று உட்கார்ந்து மாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதே! எம் புள்ளய எங்கூட அனுப்புங்களே!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, மாடிவீட்டுக்காரர்கள்வரை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி பிளசியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜோசப் ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. எதிர்வீட்டு ராஜாமணி ஆட்டோவை எடுத்து வந்து தாயையும் மகளையும் ஏற்றினார். நானும் வருகிறேன் என்று அவன் முன்னால் வந்தபோது, இடமில்லை என்று சொல்லிவிட்டார். இடம் இருக்கத்தான் செய்தது.

போகும் வழியில் ஆஸ்பத்திரி வேண்டாம், பஸ்ஸ்டாண்டில் விடுங்கள் என்று ராஜமேரி சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டுப் போனார். பஸ் கிளம்பின பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தைரியம் வந்தது. எத்தனை நாளாக அடிக்கிறான் என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆரம்பத்துல இருந்தேதாம்மா. உனக்கு முடியலன்னு சொன்னா மட்டும் பயந்துக்கிட்டு வுட்டுருவாரு. நீ நல்லா இருக்கறேன்னு சொன்ன பின்னாடி வுடறதே இல்ல."

மகள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். ராஜமேரிக்கு ஊர்ப்பேர் வாயில் வரவில்லை. பிளசிதான் சொன்னாள், மாரண்டஹள்ளி ரெண்டு.