கடைசிப் பக்கெட் தண்ணீர்

1. திரையில் வந்த குச்சிகள்

மாலினியின் சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தை மறைக்கப்போவதில்லை. பொறாமை.

லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் டெக்னிசியனாக இருந்தேன். இரும்பு உப்பிலிருந்து மிகச் சிறிய துருத் துகள்கள் செய்வது எங்கள் வேலை. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் பல்லாயிரம் துகள்களை வரிசையாக வைக்கலாம். அவற்றைத் தண்ணீரோடு சில நாள் சூட்டில் வைத்தால், ஒன்றோடொன்று உரசி, உருண்டு, புரண்டு, இரண்டின் முகமும் சரியாகப் பொருந்தும் நேரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரே திசை பார்த்து ஒட்டியவை நீண்ட குச்சியாக வளரும். முகம் பொருந்தாமல் ஒட்டினால் வெறும் கட்டி.

நான்கு வருடமாக எனக்குக் கட்டியும் வரவில்லை, குச்சியும் வரவில்லை. துகள்கள் தனித்தனியாகவே நின்றன. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத மாலினிக்குத் திரை நிறையக் குச்சிகள்.

"அழகா இருக்குல்ல, அண்ணே?" என்றாள்.

"ஓம், வடிவாத்தான் இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எங்கள் பேராசிரியை ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். அவர் திரையைப் பார்த்துவிட்டு மாலினியின் தோளில் தட்டினார். என் தோளில் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நிரந்தர வேலை ஒன்று வருகிறது. ஒன்றே ஒன்றுதான். அடுத்த மாத முடிவுக் கூட்டத்தில், கேட்கும்போதெல்லாம் குச்சி செய்து காட்டக்கூடியவர் யாரோ, அவருக்கு அது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. வருடாவருடம் கொன்ட்ராக்ட் கடிதத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போயிருந்தேன். மாலினிக்கோ, வேலை போனால் விசாவும் போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

2. வெள்ளை வளையம்

அன்றிலிருந்து நான் அவளை வேவு பார்த்தேன். வேறு சொல் இல்லை. அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய நோட்புக்கைப் புரட்டினேன். அதே அளவு, அதே சூடு, அதே நாட்கள். எல்லாம் நான் செய்வதுதான். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஒருநாள் அவளுடைய பக்கெட் கண்ணில் பட்டது. சூட்டில் வைப்பதற்கு முன், துகள் கரைசலை ஒரு மெல்லிய டயாலிசிஸ் பையில் கட்டி, பக்கெட் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிடுவோம். வேண்டாத உப்பு வெளியே வந்துவிடும். தண்ணீரைப் பல தடவை மாற்ற வேண்டும். சுத்திகரித்த தண்ணீர் தருவதற்கு ஒரு மெஷின் இருந்தது. ஒரு பக்கெட் நிறைய அரை மணி நேரம் எடுக்கும்.

மாலினியின் பக்கெட்டில் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். லண்டனில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும்; குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. மனோர் பார்க்கில் என் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலை மாதம் ஒருமுறை வினிகர் விட்டுச் சுரண்டுகிறவன் நான். சுத்திகரித்த தண்ணீர் அப்படிப் படியாது. பிளேஸ்டோவில் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவர ஐந்து மணிக்கு ஓடுகிற மாலினி, கடைசித் தடவை மட்டும் சிங்க் குழாயில் பிடித்துப்போட்டுப் போயிருக்கிறாள். நோட்புக்கில் 'தண்ணீர் மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

யாருக்கும் சொல்லாமல் நானும் கடைசித் தண்ணீரைக் குழாயில் பிடித்தேன். அந்த வாரமே எனக்கும் குச்சிகள் வந்தன.

விஷயம் இவ்வளவுதான். துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். என் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தம். அவை கிட்ட வரவே இல்லை. குழாய்த் தண்ணீரின் உப்புகள் அந்தத் தள்ளலைக் கொஞ்சம் தணித்தன. கிட்ட வந்து, புரண்டு பார்த்து, பொருந்தி ஒட்ட அவகாசம் கிடைத்தது. உப்பு இன்னும் கூடினால் கண்டபடி கட்டியாகிவிடும்.

3. நான் செய்த உதவி

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது இது.

"தங்கச்சி, நீங்கள் பிள்ளையைக் கூப்பிட ஓடுறீங்கள். கடைசித் தண்ணியை நான் மெஷினில பிடிச்சு ஊத்திவிடுறன். நீங்கள் போங்கோ."

"ஐயோ, உங்களுக்கு ஏண்ணே சிரமம்?"

"இதில என்ன சிரமம்? நான் நிக்கிறன்தானே."

அரை மணி நேரம் அந்த மெஷின் பக்கத்தில் நின்று, ஒரு சொட்டு உப்பும் இல்லாத தண்ணீரை அவளுடைய பக்கெட்டில் நிரப்பினேன். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் நான் நல்ல மனிதன். அவளுடைய குச்சிகள் நின்றுபோயின.

மூன்று தடவை செய்தாள். மூன்றும் பிழையாய்ப் போயிற்று. காலையில் என்னைக் கண்டதும் "பசியாறிட்டீங்களா, அண்ணே?" என்று கேட்டு, செய்த உதவிக்கு நன்றியாக நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்று டப்பாவை என் மேசையில் வைப்பாள். நான் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

மூன்றாவதும் பிழையாய்ப் போன அன்று கண் சிவக்க வந்து சொன்னாள்: "முன்னாடி அவசரத்துல பைப் தண்ணிய ஊத்திட்டு ஓடுவேண்ணே. இப்ப ஒழுங்கா சுத்தத் தண்ணி போட்டும் வரலையே. எனக்கு வேலையே தெரியாதுன்னு நெனச்சுருவாங்க."

உண்மையைச் சொல்லாமல், கழுவிய டப்பாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

4. கூட்டம்

மாத முடிவுக் கூட்டத்தில் மாலினி தலை குனிந்து, மறுபடியும் வரவில்லை என்று சொன்னாள். அடுத்து நான் என் குச்சிகளைத் திரையில் போட்டேன். கடைசித் தடவை குழாய்த் தண்ணீர், அதுதான் இரகசியம் என்றேன். கைதட்டினார்கள். இது எப்படித் தோன்றியது என்று பேராசிரியை கேட்டார். என் வீட்டுக் கேத்திலைப் பார்த்துத் தோன்றியது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாலினி சிரிக்கவில்லை. தன் நோட்புக்கில் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில், சாதாரணக் குரலில் கேட்டாள்: "என் பக்கெட்ல நீங்க தண்ணி பிடிச்சப்ப, இது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். காலைகளில் அவள் டப்பாவை என் மேசையில் வைக்கும் சத்தம்தான் நினைவில் கேட்டது.

"தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சனான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் நோட்புக்கை என் பக்கம் தள்ளினாள்.

"அத இதுல எழுதுங்க. இங்கிலீஷ்ல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எழுதினேன். குழாய்த் தண்ணீர் மாலினியின் முறை என்றும், அது தெரிந்துகொண்டே மூன்று தடவை அவளுடைய பக்கெட்டில் சுத்தத் தண்ணீர் ஊற்றினேன் என்றும். பேராசிரியை வாசித்தார். வேலை மாலினிக்குக் கிடைத்தது. என்னை அனுப்பிவிட வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான் எனப் பிறகு அறிந்தேன்.

ஓய்வு பெறும்வரை என் லீவு ஃபோமில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் வயிறு எரிந்தது. அது போய்விட்டது என்று சொன்னால் பொய்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 'தண்ணீர்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குழாய், யார் பிடித்தது என்பதையும் எழுதுங்கள்.

மாலினி கடைசிவரை தினமும் காலையில் "பசியாறிட்டீங்களா, அண்ணே?" என்று கேட்டாள். ஆனால் மகள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், தன் பக்கெட் நிறையும்வரை அவள் அதன் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லை.