ஸ்கூட்டருக்கு மேல் எண்ணூற்று இருபத்தாறு ரூபாய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புனேயில் மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை மாலை ஆரம்பித்த கதை இது. நாங்கள் ஹிஞ்சேவாடியில் இருக்கிறோம். கார் வாங்கிய பிறகு என் ஸ்கூட்டர் கீழ்த்தளத்தில் தூசி படிந்து சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்று புனே தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு நாற்பதாயிரம் என்று போட்டேன்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் லோஹேகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். அப்பா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பேசும்போது தமிழ் நடுவில் நின்று மூச்சு வாங்கும், பிறகு இந்தியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். திங்கட்கிழமை ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஒரு வருடம் தேடிக் கிடைத்த வேலை. வண்டியை ஓட்டிப் பார்த்தாள், பேரம் பேசவே இல்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பணம் அனுப்பும்போதுதான் சிக்கல். பழைய ஃபோன் மழையில் நனைந்து போய், அன்று காலைதான் புது ஃபோன் வாங்கியிருந்தாள். புது ஃபோனில் முதல் இருபத்து நான்கு மணி நேரம் யு.பி.ஐ.யில் ஐயாயிரத்துக்கு மேல் போகாது. ஐயாயிரம் வந்தது. மீதி முப்பத்தைந்தாயிரம் நின்றுவிட்டது.

"அக்கா, நாளைக்கு சாயங்காலம் மீதி போட்டுடறேன். நீங்க டென்ஷன் எடுக்காதீங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றாள்.

"நாளைக்கு காலைல இன்னொருத்தர் பாக்க வர்றாருங்க. அவரு மொத்தமா குடுத்தா நான் என்ன பண்றது?" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவரை வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. கிரெடிட் கார்டில் கொடுக்கலாமா என்று கேட்டாள். வீட்டிலிருந்தபடி கணக்கு டியூஷன் எடுக்கலாம் என்று நான் அப்போதுதான் ஒரு செயலியில் பதிவு செய்திருந்தேன், கார்டில் பணம் வாங்க அதில் லிங்க் அனுப்பலாம். கட்டணம் இரண்டு சதவீதம், அதற்கு மேல் வரி. மொத்தம் எண்ணூற்று இருபத்தாறு ரூபாய். அதை யார் தருவது?

"பாதி பாதி போட்டுக்கலாமா அக்கா?" என்றாள், தயங்கித் தயங்கி.

கோயம்புத்தூரில் பத்து வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். கட்டணம் வாடிக்கையாளருடையது என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. கார்டு வேண்டும் என்பது உன் வசதி, என் வசதி இல்லையே என்று பொறுமையாக விளக்கினேன். அவசரம் என்னால் வந்தது என்பது அந்த விளக்கத்தில் எங்குமே வரவில்லை. அவள் நான் அனுப்பிய லிங்க்கில் முப்பத்தைந்தாயிரத்தைக் கட்டிவிட்டு, பர்ஸைத் திறந்து எண்ணூற்று முப்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். நான் வீடெல்லாம் துழாவி நாலு ரூபாய் சில்லறை கொண்டுவந்து கொடுத்தேன். எவ்வளவு நேர்மையானவள் நான் என்று ஒரு பெருமை வேறு. அன்றே அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை பணம் என் கணக்குக்கு வந்தது. முப்பத்தைந்தாயிரம், ஒரு ரூபாய் குறையாமல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதம் கட்டணம் இல்லையாம். எனக்குத் திக்கென்றது. கையிலிருந்த எண்ணூற்று இருபத்தாறும் அவளுடையது.

ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் போய்ச் சேர்ந்திருக்கும். தட்டவில்லை. இன்ஷூரன்ஸ் இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, அதற்கு நான் காசு கேட்டேனா என்று மனம் வக்கீலாக வாதாட ஆரம்பித்தது. கணவரிடம் சொன்னேன். "நீ பேங்க்கை விட்டு வந்துட்ட. பேங்க்தான் உன்னை விடமாட்டேங்குது போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு தாங்காமல் பணத்தை ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். அப்போதும் பேச்சு வந்தால் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வண்டியை அவள் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட, ஒரு ஏஜென்ட்டின் சின்னக் கடையில் சந்தித்தோம். ஏஜென்ட் என்னைப் பார்த்து இந்தியில், "மேடம், வண்டி மேல இருந்த ரெண்டு சலானும் கட்டியாச்சு, இனி பிரச்சினை இல்லை" என்றார்.

எந்தச் சலான் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சிக்னல் கேமரா எடுத்த படங்கள். இரண்டிலும் நான்தான், ஹெல்மெட் இல்லாமல். ஒன்றில் துப்பட்டா பறக்க ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். படத்துக்கு ஐந்நூறாக ஆயிரம் ரூபாய் அபராதம். அதைக் கட்டாமல் வண்டி பெயர் மாறாது. விற்கும் முன்பு நான் பார்த்திருக்க வேண்டியது, நான் கட்ட வேண்டியது. புதன்கிழமையே அவள் கட்டியிருக்கிறாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஏன் கண்ணு, எனக்கு ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?" என்றேன்.

"போட்டோ அனுப்பிக் காசு கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல அக்கா. அதான் விட்டுட்டேன்" என்றாள். ரொம்பச் சாதாரணமாக, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை எனக்குக் காட்டிக்கொண்டே சொன்னாள். இன்னும் ஒரு சம்பளம்கூட வாங்காத பெண்.

வெளியே வந்ததும் கவரை எடுத்தேன். கூடவே ஆயிரத்தையும் வைத்து நீட்டி, செயலியில் கட்டணமே பிடிக்கவில்லை என்பதையும், செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லத்தான் நாக்கு லேசில் எழவில்லை. சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. அவள் வேண்டாம் என்றெல்லாம் நாடகம் பண்ணவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "நல்ல வேளை அக்கா, மாசக் கடைசி வரைக்கும் பெட்ரோலுக்கு ஆச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப் வரை விடுகிறேன் என்றாள். சீட்டைத் தூக்கி, பின்னால் உட்காருபவர்களுக்கென்று அவள் புதிதாக வாங்கியிருந்த ஹெல்மெட்டை எடுத்தாள். நான் கையை நீட்டுவதற்குள் அவளே என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். என் பழைய ஸ்கூட்டரின் பின்சீட்டில், ஒரு வாரமே பழகிய பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்து போனேன்.

அந்தக் குழுவில் இன்றைக்கும் யாராவது எதையாவது விற்கும்போது கட்டணம் யார் தலையில் என்று சண்டை வரும். வங்கிக்காரி என்று என்னை நியாயம் கேட்பார்கள். பதிலைப் பாதி தட்டச்சு செய்துவிட்டு அழித்துவிடுகிறேன். நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காகத் தன் காசைக் கட்டிவிட்டு வாய் திறக்காமல் இருந்தாளே, அவளுக்கு முன்னால் என் நியாயம் எதுவும் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறது.