ஷெர்லின் திறந்துவைத்த கண்கள்

மண்ணூர்ப் பக்கம் யாராவது இறந்துபோனால், ஆம்புலன்சுக்கு அடுத்தபடியாக ஷெர்லினுக்குத்தான் போன் வரும். கண்ணீர் அஞ்சலி பேனர் அவள் கைவேலை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து இறங்குவதற்குள் தெருமுனையில் பேனர் நின்றாக வேண்டும். இல்லையென்றால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு விசித்திரம். போனில் ஆயிரம் படம் எடுப்பார்கள், ஆள் போன பிறகு தேடினால் ஒன்றுகூட உருப்படியாக இருக்காது. கடைசியில் கம்பெனி ஐடி கார்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று டியூப்லைட்டுக்கு அடியில் நிற்கவைத்து எடுத்த படம். கண் பாதி மூடியிருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பேனரில் இருப்பவர் கண்ணை நன்றாகத் திறந்து, தெருவில் போகிறவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். ஆகவே ஷெர்லின் கண்ணைத் திறப்பாள்.

வேறொருவர் கண்ணை எடுத்து ஒட்டித்தான் திறப்பாள். எடிட்டர்களின் வாட்ஸாப் குரூப்பில் வெகுநாள் முன்பு யாரோ ஒரு ஃபைலைப் போட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் 'நல்ல கண்'. ஓர் ஆணின் இரண்டு கண்கள், அவ்வளவுதான், முகம் கிடையாது. பெரிய, தெளிவான, லேசாக ஈரம் படிந்த கண்கள். கருவிழியில் ஒரு ஜன்னலின் வெளிச்சம் விழுந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னல் கம்பிகூடத் தெரியும், அதில் ஒரு கம்பி வளைந்திருக்கும். எந்த முகத்தில் வைத்தாலும் பொருந்திக்கொள்ளும். பெண் என்றால் இமைமுடியைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் போதும். ஒரகடம் வரைக்கும் எல்லா எடிட்டரும் அதைத்தான் வைத்துப் பிழைத்தார்கள். ஒரே தெருவில் ஒரு மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்து, பேனரில் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உயிரோடு இருந்தபோது இரண்டு பேரும் எதையும் அப்படி ஒரே மாதிரி பார்த்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை. பேனரில் நாம் பார்ப்பது பெயரும் வயதும்தானே.

ஷெர்லின் இந்த வேலைக்கு வந்தது தப்பித்து ஓடி வந்த மாதிரிதான். பாலிடெக்னிக் முடித்ததும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றாள். போன் திரையைச் சோதிக்கும் வேலை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, சாம்பல் என்று திரை மாறிக்கொண்டே இருக்கும். புள்ளியோ கறையோ தெரிந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். ஷிப்டு முடிந்தால் ஓவர்டைம், ஓவர்டைம் முடிந்தால் ஷிப்டு. சோற்றில்கூடச் சாம்பல் நிறம் தெரிகிறது என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் நிலவனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எடிட்டிங் கற்றுக்கொண்டு லைனை விட்டாள். ஆல்பமும் வீடியோவும் சோறு போட்டன. பேனர் குழம்புக்கு.

அப்படி இருக்கும்போது பழைய லேப்டாப் ஒரு கல்யாண வீடியோவின் நடுவில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த இடத்தில், நின்றுவிட்டது. திரும்ப எழவே இல்லை. லேப்டாப் இல்லையென்றால் மறுபடியும் லைன்தான். புதிது வாங்க வழியில்லை. பெரிய திரையோடு யாராவது ஆண்டுவிட்டு விற்பது கிடைக்காதா என்று புருஷனும் பெண்டாட்டியும் அலைந்தார்கள்.

நிலவன் கீபோர்டில் கலர் லைட் எரியும் ஒன்றைப் பார்த்து மயங்கினான்.

"அது கேம் ஆடறவனுக்கு. ஆன் பண்ணா ஆட்டோ இன்ஜின் கணக்கா கத்துது பாரு," என்றாள்.

இன்னொன்றின் திரை பெரிதுதான், நிறம்தான் செத்துக் கிடந்தது.

"மஞ்சள் பூசுன பொண்ணு இதுல காமாலை வந்த மாரி கீறா. வேணாம்."

கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் விற்கிறார் என்று நிலவன் கண்டுபிடித்தான். மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்து போய்ச்சேர்ந்தார்கள். ஷெர்லின் வழக்கம்போலத் தன் பென்டிரைவைக் கொண்டுபோயிருந்தாள். ஆண்ட லேப்டாப்பில் விற்கிறவன் காட்டும் படத்தைப் பார்க்கக்கூடாது, நம் வேலையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கதவைத் திறந்தவர் தோத்தாத்ரி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். நெற்றியில் காலையில் இட்ட திருமண் கலையாமல் இருந்தது. வரவேற்ற குரல்தான் திருடன் குரல் மாதிரி இருந்தது.

"வாங்கோ. மெதுவாப் பேசுங்கோ. ஆத்துக்காரி தூங்கிண்டிருக்கா. அவ எழுந்துக்கறதுக்குள்ள பாத்துட்டு எடுத்துண்டு போயிடுங்கோ."

ஏன் என்று இவர்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார். லேப்டாப் அவருடைய ஒரே பிள்ளை அச்யுத்துடையது. அவனும் எடிட்டிங்தான் செய்துகொண்டிருந்தான். போன வருஷம் வல்லம் வடகால் பக்கம் ஒரு லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர் மனைவி சத்யபாமா அவன் முகத்தைத் திரை கொள்ளாமல் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். இரவும் பகலும் அணைக்க விடுவதில்லை.

"அதுகூடப் பரவாயில்லை. ரோட்டுல போனா, எல்லா பேனர்லயும் அவன்தான் நிக்கறான்கறா. செத்துப்போன யார் யாரையோ காட்டி, அவன் என்னைப் பாக்கறான்னு பஸ்ஸுல அழறா. புத்தி பேதலிச்சுடுத்து. பெங்களூர்ல ஒரு இடம் இருக்கு, இப்படிப்பட்டவாளை அங்கேயே வெச்சுண்டு பாத்துக்கறா. நாளைக்குக் காருக்குச் சொல்லியிருக்கேன்."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. அவர் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே காலை வைத்தவள் நின்றுவிட்டாள். இந்த அறைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஸ்ரீபெரும்புதூரில் அவளுக்குத் தெரிந்தவர் யாருமே கிடையாது. மேஜைக்கு எதிரே ஒரு பழைய ஜன்னல், அதில் மேற்கு வெயில். அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. நிலவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று மேஜை முன் உட்கார்ந்தாள்.

மனைவி தூங்கியதும் பெரியவர் அணைத்து மூடி வைத்திருந்த லேப்டாப் நன்றாகவே இருந்தது. தாம்பாளம் மாதிரி அகலத் திரை. மூடி இறுக்கமாகத் திறந்தது, விசிறிச் சத்தம் இல்லை. தன் கல்யாண வீடியோவைப் போட்டாள், திக்காமல் ஓடியது. பட்டுச் சேலை பட்டுச் சேலையாகவே தெரிந்தது. நிலவன் கண்ணாலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு லைனில் செய்த மாதிரியே திரையைச் சோதித்தாள். வெள்ளை சுத்தம். கறுப்பு மை மாதிரி. சிவப்பு, பச்சை, ஒரு குறையும் இல்லை.

சாம்பல் நிறத்தைப் போட்டாள்.

திரை முழுக்க இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

அந்தக் காலத்து நெகட்டிவில் தெரிகிற மாதிரி, வெள்ளை இருக்க வேண்டிய இடம் இருட்டாகவும் கருவிழி வெளுத்தும் இருந்தன. மிக மங்கல்தான். ஆனாலும் கண். நிலவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா இது?"

"ஒரே படத்த மாசக்கணக்குல வெச்சிருந்தா ஸ்கிரீன்ல தங்கிடும். இந்த ஸ்கிரீன் அப்படி," என்றாள். "தங்குனா போவாது."

லைனில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியிருப்பாள். கை நகரவில்லை. வெளுத்த கருவிழிக்குள் ஜன்னலின் வடிவம் தெரிந்தது. அவள் மெல்லத் திரும்பி, எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது.

"அவனைப் பாத்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

வாசற்படியில் சத்யபாமா நின்றிருந்தாள். தலை வாரி, புடவை திருத்தமாக, பைத்தியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு வந்தவர்கள் மேல் கோபமும் இல்லை.

"ரோட்டுலயும் பாத்திருப்பியே. மண்ணூர் வளைவுல ஒரு கிழவராட்டம் நிக்கறான். வடக்குப்பட்டுல ஒரு பொம்மனாட்டி மூஞ்சிக்குள்ள இருக்கான். எந்தப் பக்கம் போனாலும் என்னையே பாக்கறான். நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறா."

"பாமா, உள்ள போ," என்றார் தோத்தாத்ரி. இவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்கோ. இப்படித்தான் எப்பவும்."

மண்ணூர் வளைவில் நிற்கும் கிழவர் அப்பாவு. வடக்குப்பட்டுப் பெண் ஞானம்மா. இரண்டு பேர் கண்ணையும் திறந்தவள் ஷெர்லின்தான். நிலவனுக்கும் புரிந்துவிட்டது. காதோரம் குனிந்தான்.

"வாயத் தொறக்காத. எடுத்துகினு போய்டலாம். அவங்க வூட்டு விசயம்."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அவன் சொன்னதும் சரிதான். இப்போது பேசாமல் இருந்தால் லேப்டாப் கையில். வாயைத் திறந்தால், பெற்றவள் முன்னால், உன் பிள்ளை கண்ணைப் பிணங்களுக்கு ஒட்டிப் பிழைக்கிறேன் என்று சொன்னதாகும். வெளியே தள்ளுவார்கள். அடுத்த வாரம் லைன். ஷெர்லின் அந்த அம்மாளைப் பார்த்தாள். நாளைக்கு இவளைக் காரில் ஏற்றுவார்கள். வழியெல்லாம் பேனர் இருக்கும். அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள், ஒருவரும் நம்பப் போவதில்லை.

"சார், மாமி சொல்றது நெசம்," என்றாள்.

தோத்தாத்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயுமாம்மா? அவளே பாவம், அவளை ஏன் ஏத்திவிடறே?"

ஷெர்லின் பென்டிரைவிலிருந்து அப்பாவுவின் பேனரைத் திறந்தாள். அவர் கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அகலத் திரை முழுக்க ஒரு கருவிழி, அதற்குள் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு கம்பி வளைந்து. அடுத்து ஞானம்மா. அதே ஜன்னல். தோத்தாத்ரி திரையைப் பார்த்தார், எதிரே சுவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். குரூப்பில் வந்த ஃபைலைப் பற்றி அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அச்யுத் எப்போதோ தன் படத்திலிருந்தே கண்ணை வெட்டி, நாலு பேருக்கு உதவட்டும் என்று போட்டிருக்கிறான்.

"நான் சொன்னேனோல்லியோ," என்றாள் சத்யபாமா. அவ்வளவுதான் சொன்னாள்.

தோத்தாத்ரி தலையை நிமிர்த்தாமலே போனை எடுத்து, நாளைக்குக் கார் வேண்டாம் என்று யாருக்கோ சொன்னார். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சத்யபாமா ஷெர்லின் பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாளோ என்று ஷெர்லின் பயந்தாள்.

"அந்தக் கண்ணை இனிமே யாருக்கும் வெக்காம இருக்க முடியுமா?"

"நான் வெக்கமாட்டேன் மாமி. ஆனா எங்கிட்ட மட்டும் இல்ல. எல்லார்கிட்டயும் கீது. யார் யார்கிட்டன்னு எனக்கே தெரியாது."

"அதான் அவன் தூங்கமாட்டேங்கறான்." சத்யபாமா திரையைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அவனைப் பெட்டியில வெச்சு ஆணி அடிச்சுக் கொண்டுவந்தா. மூஞ்சியைக் காட்டப்படாதுன்னுட்டா. அவன் கண்ணை நான் மூடலை. நீ தொறக்கறவதானே? உனக்கு மூடத் தெரியுமா?"

ஷெர்லின் இதுவரை ஒருவர் கண்ணையும் மூடியதில்லை. மூடிய இமைகள் அவளிடம் கிடையாது. யாரும் கேட்டதில்லை.

"இமை வேணும் மாமி," என்றாள்.

"என்னோடதை எடுத்துக்கோ. அவன் என் ஜாடைதான்." நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மூடிட்டு, நீயே இதை எடுத்துண்டு போ. தூங்கற குழந்தையை ஆத்துல வெச்சுண்டு நான் எழுப்பிண்டே இருக்கப்படாது."

கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் இமைமேல் விழுந்தது. ஷெர்லின் போனில் படம் எடுத்து, லேப்டாப்பில் ஏற்றி, அச்யுத்தின் முகத்தை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தாள். இத்தனை பேர் முகத்தில் பார்த்த கண், சொந்த முகத்தில் இருந்தபோதுதான் அவளுக்கு அந்நியமாகத் தெரிந்தது. அம்மாவின் இமைகளை எடுத்து, சுருக்கங்களை நீக்கி, பிள்ளை வயசுக்குக் கொண்டுவந்தாள். வைத்தாள். ஓரம்கூடத் தட்டவேண்டியிருக்கவில்லை. அவனுக்கென்றே பிறந்த இமைகள் மாதிரி உட்கார்ந்துகொண்டன.

சத்யபாமா வைத்திருந்த அளவிலேயே படத்தைத் திரை முழுக்க விரித்தாள். நிலவன் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூடிய இமைகளுக்கு அடியில், தோல் நிறத்துக்குள், அந்த இரண்டு கண்கள் மங்கலாகத் திறந்தே இருந்தன. வெளுத்த கருவிழி ஷெர்லினையே பார்த்தது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். போகவில்லை.

சத்யபாமா இன்னும் கண்ணைத் திறக்காமல், கைகளை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூடிண்டுட்டானா?" என்று கேட்டாள்.

"மூடிட்டாரு மாமி," என்றாள் ஷெர்லின்.