பிலோமினா சொல்லாத சொல்

பிலோமினாவுக்கு நான் செய்த கெடுதல்களில் முதலாவது, என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான். தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் சின்னக் கோவிலுக்கு முப்பது வருஷமாக நான் உபதேசியார். சாமியார் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. பிறப்போ கல்யாணமோ சாவோ, என் எழுத்தில் ஏறினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. 1941 டிசம்பரில் நான் எழுதிய ஆறு வரி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பூட்டிப் போட்டுவிட்டது. அதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் புருஷன் ரோச் மச்சாது. கொழும்புக்கு வத்தலும் வெங்காயமும் ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தான். நல்ல உயரம், அதைவிடப் பெரிய வாய். அவன் கரையில் இருக்கிற நாட்களில் தெருவே சத்தமாக இருக்கும். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், பிலோமினாவுக்கு நிறை மாதமாக இருந்தபோது, அவன் போன தோணி புயலில் சிக்கி உடைந்தது. ஏழு பேரில் ஒருவன்தான் திரும்பினான். அவன் ரோச்சின் கூட்டாளி சிலுவை. மூன்றாம் நாள் பலகையில் மிதந்துகொண்டிருந்தவனை வேம்பார் வலைக்காரர்கள் கண்டு தூக்கி வந்தார்கள்.

எங்கள் கடற்கரையில் பிள்ளைத்தாய்ச்சியின் காதில் அவள் வீட்டுச் சாவு விழக் கூடாது. கருவிலிருக்கும் உயிர் அந்தச் சேதியைக் கேட்டு மிரண்டுவிடும் என்பார்கள். பிரசவம் ஆகிற வரைக்கும் மறைத்து வைத்து, அப்புறம் மெதுவாகச் சொல்லுவார்கள். அதனால் சிலுவை கரையில் இறங்கியதும் ரோச்சின் தாயார் ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, எது நடந்திருந்தாலும் சரி, எம் மருமவகிட்ட அவன் உசுரோட இருக்கான்னு சொல்லிரு. நாளு நெருங்கிட்டு அவளுக்கு."

சிலுவை அப்படியே சொன்னான். ரோச் உடைந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், தூரத்தில் ஒரு ஸ்டீமர் போனது, அது அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்றான். மற்ற ஐந்து வீட்டிலும் ஒப்பாரி கேட்டது. பிலோமினா வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. ஒரு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அமலோற்பவ மாதா திருநாளை ஒட்டிப் பிறந்ததால் அமலோற்பவம் என்றே பெயர் வைத்தார்கள்.

இறந்த ஐந்து பேருக்கும் பூசை வைக்க வேண்டும் என்று சாமியார் சிலுவையைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் எல்லாம் சொன்னான். ரோச் விஷயம் வந்தபோது கரையில் சொன்ன கதையையே சொன்னான். மேஜைமேல் இருந்த, இயேசு அறையுண்ட பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சத்தியமும் செய்தான். கையை எடுத்ததும் சுவரில் சாய்ந்துகொண்டான். கடலில் கிடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு நான் எழுதி முடித்து மையை ஒற்றினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் வரவே இல்லை. பொய் என்று எங்களுக்குத் தெரிந்தால்தானே? சாமியார் முன்னால் சத்தியமே செய்துவிட்டான் என்று ரோச்சின் தாயார் உட்பட எல்லாருமே அதை நம்பிவிட்டோம். சண்டைக் காலம் வேறு. ஸ்டீமர் சிங்கப்பூருக்குப் போயிருக்கும், அங்கே ஜப்பான்காரன் பிடித்து அடைத்திருப்பான், கடுதாசி எப்படி வரும் என்று ஊரே கதையை வளர்த்தது. கிழவி அந்த நம்பிக்கையோடேயே அடுத்த வருஷம் கண்ணை மூடினாள்.

பிலோமினா உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் புண். அரிசி கிடைக்காத வருஷங்களில் குழந்தைக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு இவள் பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். உப்பளத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சுடலைமாடத்தி என்று ஒருத்தி குறி சொல்லுவாள், அவள் வாய் திறந்தால் தப்பாது, ஒருதரம் போய்க் கேட்டுவிடு, இருக்கிறானா போய்விட்டானா தெரிந்துவிடும் என்று தினமும் நச்சரித்தார்கள். இவள் போகவில்லை. உன் விசுவாசம் பெரிது என்று நான் மெச்சினேன்.

"விசுவாசமெல்லாம் இல்ல மாமா. அவ சொன்னா நான் நம்பிருவேன். அந்தப் பயந்தான்" என்றாள்.

சண்டை முடிந்து ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். வந்த ஒவ்வொருவனையும் தேடிப் போய் விசாரித்தாள். ஒருவனுக்கும் ரோச்சைத் தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவள் முகம் கறுத்துச் சுருங்கிவிட்டது.

1947 தொடக்கத்தில் கோவில் மணியின் உருளை உடைந்தது. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த வில்பிரட் வந்து சரி செய்தான். மனைவியைப் பறிகொடுத்தவன், பிள்ளை இல்லை, அதிகம் பேச மாட்டான். வேலையை வேடிக்கை பார்த்த அமலோற்பவத்துக்குத் தகரத்தில் ஒரு சின்னச் சக்கரம் வெட்டிக் கொடுத்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். மணியில் அத்தனை கோளாறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, எனக்கு அவரப் புடிச்சிருக்கு. மறைக்க மாட்டேன். அஞ்சு வருசமா நான் யாருக்கும் பொண்டாட்டியும் இல்ல, கைம்பொண்ணும் இல்ல. சாமிட்டக் கேளுங்க."

கேட்டேன். சாமியார் என் பழைய நோட்டை எடுத்து விரித்து வைத்தார். முதல் புருஷன் செத்ததற்குச் சாட்சி இல்லாமல் இரண்டாம் கல்யாணத்தைக் கோவிலில் அறிவித்து ஓலை வாசிக்க முடியாது என்றார். இருக்கிற ஒரே சாட்சி, அவன் உயிரோடு மிதந்தான் என்கிறது. அதுவும் சத்தியம் செய்து சொன்னது. என் அழகான கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது.

நான் சிலுவையைத் தேடிப் போனேன். அந்த ஐந்து வருஷத்தில் அவன் குடிகாரனாகியிருந்தான். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, குடிக்காமல், முகச்சவரம் செய்துகொண்டு சாமியார் அறைக்கு வந்து நின்றான். பிலோமினாவும் அங்கே இருந்தாள்.

"அன்னைக்குச் சொன்னது பொய், சாமி. ரோச் அண்ணன் செத்துட்டாரு. நான் பாத்தேன்."

"எப்படிச் செத்தான்?"

"முங்கிட்டாரு."

"நீ எங்கே இருந்தே?"

"பலகையில."

"அவன்?"

"பக்கத்துல. இல்ல சாமி, தூரத்துல. இருட்டு. சரியாத் தெரியல்ல."

தூரத்தில் இருட்டில் எப்படிப் பார்த்தாய் என்று சாமியார் கேட்டார். சிலுவை தரையைப் பார்த்தபடி நின்றான். சாமியார் பேனாவை மூடினார். பிறகு பிலோமினாவிடம் திரும்பினார்.

"இவன் ரெண்டு விதமாச் சொல்லுறான். ரோச்சை அறிஞ்சவ நீ, இவனையும் அறிஞ்சவ நீ. இவன் இன்னைக்குச் சொல்றது உண்மைன்னு நீ நம்புறேன்னு ஆண்டவர் முன்னால சொன்னா, நான் பிஷப்புக்கு எழுதி அனுமதி வாங்கித் தாறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் சொல்லு."

சனிக்கிழமை நான் உப்பளத்துக்கே போய்விட்டேன். இது நான் செய்த இரண்டாவது கெடுதல். கோவில் உப்பைத் தின்கிற நான், வெயிலில் நின்றுகொண்டு அவளுக்குச் சாத்தான் வேலை பார்த்தேன்.

"ஏளா, ஒரே சொல்லு. நம்புதேன்னு சொல்லிரு. உன் நெஞ்சப் பொளந்து யாரு பாக்கப் போறா? உம் மவளுக்கு ஒரு அப்பன் கெடைப்பான். ஆண்டவரு இதுக்கெல்லாம் கோவப்பட மாட்டாரு."

உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"சிலுவைக் கொழுந்தனாரு எதையோ மறைக்காரு மாமா. என்னன்னு தெரியல்ல. தெரியாம நம்புதேன்னு எப்படிச் சொல்ல? வில்பிரட்ட நெனச்சாச் சொல்லிரலாம்னுதான் இருக்கு. ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வாய் வருது, மனசு வரல்ல."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் முன்னால் நின்று, "தெரியல்ல சாமி" என்றாள். அவ்வளவுதான். முட்டாள் பெண் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

வில்பிரட் எட்டு மாதம் காத்திருந்தான். பிறகு மணப்பாட்டில் பெண் கட்டிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமலோற்பவம் தகரச் சக்கரத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வில்பிரட் மாமா ஏன் வரவில்லை என்று கேட்கும். அந்த வீட்டுப் பக்கம் போகவே எனக்குக் கூசியது. பிலோமினா தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசைக்கு வரவில்லை. போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்றே நினைத்தேன். நாலாவது ஞாயிறு வந்து கடைசித் தூணோரம் உட்கார்ந்தாள். முட்டிபோடவில்லை. பூசை முடிந்ததும், ஏதும் வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

"வேண்டவெல்லாம் இல்ல. சண்ட போட வந்தேன். வீட்டுல இருந்து போட்டா ஆண்டவருக்குக் கேக்குதோ என்னவோ."

அதிலிருந்து வாராவாரம் சண்டை போட வந்தாள். கொஞ்ச நாளில் முட்டிபோட்டும் சண்டை போட்டாள்.

1949 ஆடி மாதத்தில் சிலுவைக்குச் சயரோகம் முற்றிவிட்டது. துப்பினால் ரத்தம். சாமியார் போய் அவன் பாவசங்கீர்த்தனம் கேட்டு, கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பிலோமினாவைக் கூட்டி வரச் சொன்னார். அவன் அவளிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், அதற்குச் சாட்சியாக நானும் இருக்க வேண்டுமாம்.

பட்டப்பகல். ஓலைக் குடிசைக்குள் வெளிச்சம் நன்றாக விழுந்தது. சிலுவை பாயில் கிடந்தான். பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, பலகை ரெண்டு பேரத் தாங்கல்ல."

அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் மேல கெடந்தேன். ரோச் அண்ணன் ஓரத்தப் புடிச்சிருந்தாரு. ரெண்டு பேரும் முங்கி முங்கி எந்திரிச்சோம். நாந்தான் அவரு கைய எடுத்து விட்டேன். ஒவ்வொரு வெரலா."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஏலே சிலுவைன்னாரு. அவ்வளவுதான்."

இருமல் வந்தது. அடங்கியதும் அவனே தொடர்ந்தான். "கரைக்கு வந்தா ஒங்க மாமியா கையப் புடிச்சிக் கெஞ்சுதாங்க, உசுரோட இருக்கான்னு சொல்லுன்னு. எனக்கு அது வசதியாப் போச்சு. செத்தாருன்னு சொன்னா எப்படின்னு கேப்பாங்கள்லா? மதினி, என்னப் பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சாமியார் அவளையே பார்த்தார். நானும் பார்த்தேன். சாகிறவனுக்கு ஒரு வார்த்தைதானே, யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். பிலோமினாவின் தாடை மட்டும் அசைந்தது.

"முடியல்ல சிலுவை" என்றாள். அதுவரை கொழுந்தனாரே என்றுதான் கூப்பிடுவாள். "சும்மா ஒப்புக்குச் சொல்லட்டுமா? அது ஒனக்கும் வேண்டாம். முடியும்போது வந்து சொல்லுதேன்."

எழுந்து ஒரு செம்புத் தண்ணீரை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். அன்று சாயங்காலம் சிலுவை செத்துப்போனான்.

ரோச்சுக்கு எட்டு வருஷம் கழித்துத் துக்க மணி அடித்தோம். என் பழைய ஆறு வரியை நானே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பிலோமினா தாலியைக் கழற்றிச் சாமியார் மேஜையில் வைத்தாள். இனி நீ விரும்பினால் கல்யாணம் செய்துகொள்ளலாம், தடையில்லை என்று சாமியார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வில்பிரட் தன் கைக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்து போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு செபமாலையில் ஒன்றைக் கவனித்தேன். பரலோக மந்திரத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வந்தால் பிலோமினா வாயை மூடிக்கொள்வாள். சோதனையில் விழாமல் காக்கச் சொல்லும் இடத்தில் மறுபடியும் சேர்ந்துகொள்வாள். ஒரு நாள் கேட்டேவிட்டேன், இது என்ன பழக்கம் என்று.

"இல்லாதத இருக்குன்னு அவர்ட்டயே எப்படி மாமா சொல்ல?"

முப்பது வருஷமாக அந்த வரியை நான் மென்று துப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி, அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியது. கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது, நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். பிலோமினா ரோச்சுக்கு அங்கே ஒன்றை ஏற்றி, மகளோடு கொஞ்ச நேரம் முட்டிபோட்டு இருந்தாள். பிறகு மகளை என்னிடம் விட்டுவிட்டு, சுவரோரமாகப் போனாள். அங்கே சிலுவையைப் புதைத்த மண்மேட்டில் முள்ளும் புல்லும் முளைத்துக் கிடந்தது. அவனுக்கென்று யாருமில்லை. அவள் திரி எதுவும் கொண்டுவரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காற்று என் பக்கமாக அடித்தது. எதிரில் நிற்கிறவனோடு பேசுகிற குரலில் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னும் முடியல்ல, சிலுவை. ஆனா சொன்னபடி வந்திருக்கேன்."