மீட்டர்காரரின் நடை

எங்கள் ஸ்டூடியோவில் அவளுக்குச் 'சிக்கனம்' என்று பெயர். வைத்தது நான்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள் என்று சிலரைச் சொல்வார்கள். இவள் அதற்கும் ஒரு படி மேல். காக்கா வரைய வேண்டுமென்றால், போன வருஷம் வரைந்த காக்காவை எடுத்துத் திருப்பி வைக்கச் சொல்கிறவள்.

நாங்கள் குழந்தைகளுக்கான கார்ட்டூன் எடுக்கிறவர்கள். ஒரு காடு, அதில் பேசுகிற மிருகங்கள். காலை வேளையில் டிவியில் வரும். கதையும் வசனமும் நான். அவள் படம் வரையத்தான் வந்தாள். பிறகு, வரைந்ததையெல்லாம் சேமித்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கிற பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. எங்கள் காட்டில் பெய்வது ஒரே மழைதான். ஒருமுறை வரைந்தோம், வருஷக்கணக்காகப் பெய்கிறது. நிலாவும் அப்படித்தான். ஆற்றில் மிதந்து போகிற இலை, என்றைக்கும் அதே இலை. நான் 'வானம் நிறையப் பறவைகள் பறந்தன' என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"ஒரு பறவை போதாதா அண்ணா?"

"வானம் நிறையன்னு எழுதியிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"ஒண்ணு பறக்கட்டும். மிச்சத்தைக் குழந்தைங்க பாத்துக்கும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு. வீட்டிலும் இதே புகார்தான். ஆனால் டிவியில் வரும்போது, அந்த ஒற்றைப் பறவை அத்தனை பெரிய வானத்தில் தனியாகப் போவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதை அவளிடம் சொல்லிவிடுவேனா என்ன.

வரைந்ததையெல்லாம் கோத்து, வண்ணமும் வெளிச்சமும் சேர்த்து ஓடும் படமாக்குவதை ரெண்டர் என்போம். அந்த வேலையில் கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு வாங்கும், மின்சாரம் தண்ணீராய்ச் செலவாகும். போதாதபோது கட்டடத்துக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமும். அதன் புகை நேராகப் பக்கத்து மழலையர் பள்ளியின் ஜன்னலுக்குப் போகும். ஒருநாள் அந்தப் பள்ளியின் டீச்சர், ஜன்னல் கம்பியைத் துடைத்த துணியைக் கொண்டுவந்து எங்கள் வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். துணி கன்னங்கரேலென்று இருந்தது. எங்கள் கரடியின் படம் போட்ட பையை மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தன. அன்றைக்கு முற்றியது இவளுக்கு இந்தப் பைத்தியம்.

முதலாளியை நச்சரித்து மொட்டைமாடியில் சோலார் பலகைகள் போட வைத்தாள். வெயில் அடிக்கும்போது மட்டும்தான் ரெண்டர் என்று சட்டம் கொண்டுவந்தாள். மேகம் வந்து மறைத்தால், திரையில் கரடி தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்கும். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்போம். மேகம் விலகும், தரையில் வெளிச்சம் ஊர்ந்து வரும், கரடி காலை ஊன்றும். அந்த மத்தியானங்களில் எது வேலை, எது தூக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் என் கனவிலும் அதே மழை பெய்ய ஆரம்பித்தது, அதே இலை மிதந்து போனது. கனவில்கூட இவள் சிக்கனம் பிடிக்கிறாளே என்று மனைவியிடம் புலம்பினேன். "உங்களை அடக்கவும் ஒரு ஆள் வேணுமே" என்றாள் அவள்.

சிக்கனத்துக்கு இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். வீடு வீடாக நடந்தே வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே கதை சொல்லத் தொடங்கிவிடுவாராம். "இன்னிக்கு ஒரு வீட்ல ஆளே இல்லம்மா. பூட்டிக் கெடக்கு. மீட்டர் சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." இவள் படுத்துக்கொண்டு அந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பாளாம். ஆளில்லாத அறைகள், யாரோ அணைக்க மறந்த விளக்கு, சுற்றிக்கொண்டே இருக்கிற சக்கரம். "அது யாருக்காக அண்ணா சுத்துது?" என்று என்னையே ஒருமுறை கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

கரடிக்கு ஒரு நடை வேண்டும் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் அப்பாவைத்தான் வரைந்தாள். குடியிருப்பின் நீள வராந்தாவில் அவரை இங்குமங்கும் நடக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தாளாம். பை தொங்கித் தொங்கி ஒரு பக்கம் சாய்ந்துபோன உடம்பு. மீட்டர் எங்கே என்று சுவரை அண்ணாந்து தேடுகிற கண். நாலடிக்கு ஒருமுறை சின்னதாக ஒரு துள்ளல். அது நாய்க்குப் பயந்து வந்த பழக்கம் என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தாள்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாள், சிக்கனமாயிற்றே. அந்தப் பென்சில் மனிதர்மேல்தான் பிறகு ரோமம் வைத்து, காது வைத்துக் கரடியாக்கினோம். தெருப்பிள்ளைகள் எல்லாம் அந்தத் துள்ளலைத் துள்ளிக்கொண்டு போயின. மீட்டர்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இவளுடைய அம்மா எப்போதோ போய்விட்டதால், வீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும்தான். பகலில் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார், மற்ற நேரமெல்லாம் இவள். எங்கள் கதையிலும் அதற்குள் ஓர் அணில் வந்து கரடியை ஓரங்கட்டிவிட்டது. அது என் கைங்கரியம். சேனல்காரர்கள் அணில் கேட்டார்கள், கொடுத்தேன்.

ஜெனரேட்டரை ஒரேயடியாக அனுப்பிவிடலாம் என்று முதலாளி தலையாட்டியபோது, குறுக்கே நின்றது சர்வர் அறை. எங்கள் பழைய படங்களெல்லாம் அங்கேதான் தூங்குகின்றன. அவை தூங்குவதற்கே இரவு பகலாக மெஷினும் ஓட வேண்டும், ஏசியும் ஓட வேண்டும். பாதிப் படங்களை அழித்தால் பாதி மெஷினை அணைக்கலாம், அப்புறம் வெயிலும், அதைச் சேர்த்து வைக்கிற பாட்டரியுமே போதும். ரெண்டு வருஷமாகத் தொடரில் தலைகாட்டாத எதுவும் இருக்கக்கூடாது என்று சிக்கனம் விதி எழுதினாள். கம்பெனிச் சொத்து என்பதால் வீட்டுக்கும் யாரும் காப்பி எடுத்துப் போகக்கூடாது. எங்களுக்கு வானம் தீட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், பெரிய மீசைக்காரர். தன் பழைய மேகங்களையாவது ஒரு பென் டிரைவில் தரச் சொல்லிக் கெஞ்சினார். தரமாட்டேன் என்றுவிட்டாள். மனுஷன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பாள். அப்படி ஒரு மத்தியானம், நான் டீயோடு அவள் பின்னால் போய் நின்றபோது, திரையில் வெள்ளைத் தாளில் மீட்டர்காரர் நடந்துகொண்டிருந்தார். ரோமம் இல்லை, காது இல்லை. சட்டையும் பையுமாக அவரேதான். சாய்ந்து, அண்ணாந்து, ஒரு துள்ளல். மறுபடி சாய்ந்து, அண்ணாந்து.

"இதை விட்டுடும்மா" என்றேன்.

"எப்படி விடறது?"

"ஒண்ணே ஒண்ணுதானே."

"எல்லாரும் அதைத்தான் அண்ணா சொன்னாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, விரல் அழுத்தவில்லை. மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று, இது மட்டும் நின்றது. மெஷின்களை அணைக்கிற நாளும் நெருங்கியது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்றார் மீசைக்காரர், அவள் காதில் விழும்படி. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அழித்தால் அப்பா இல்லை, அழிக்காவிட்டால் நாளைக்கு யார் முகத்திலும் விழிக்க முடியாது. அவள் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

நான் ஒரு திட்டம் போட்டேன். அழிக்க வேண்டாம் என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை வந்தால், மிச்சத்தை நான் முதலாளியிடம் பேசிக்கொள்ளலாம். "அவருக்குத் தெரியாம செய்யறது நல்லாயில்ல. ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கோ, ஞாயித்துக்கிழமை நானும் வரேன், காட்டிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்துடலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடியில், இரண்டே அறை. சுவரை ஒட்டிக் கட்டில், தலைமாட்டில் மருந்து, ஃபேன் ஒப்புக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மெலிந்துவிட்டிருந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது, ஆனால் குறும்பு மட்டும் குறையவில்லை.

"வாங்க கதைக்காரரே. என் கரடியை வீட்டுக்கு அனுப்பினவரு நீங்கதானே?"

"தப்புதான்" என்றேன்.

அவள் லேப்டாப்பை அவர் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ஓடவிட்டாள். அவர் பார்த்தார். வெளியே எங்கோ யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. திரையில் அந்த மனிதர் போய்க்கொண்டே இருந்தார்.

"யாரும்மா இது?"

"நீங்கதான்பா."

"எங்க போறேன்?"

"எங்கயும் இல்லப்பா. அது சுத்திச் சுத்தி வரும், முடியாது."

"வீடே வராதா?"

அவர் மறுபடியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், அழிக்காதே என்பார் என்று காத்திருந்தேன்.

"உட்காரச் சொல்லும்மா" என்றார். "பாவம், எத்தனை வருஷமா நடக்கிறான். கால் கடுக்காது?"

மறுநாள் நல்ல வெயிலில் அவள் அதை அழித்தாள். மீசைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்துப்போய்ச் சூடாக வேறு கொண்டுவந்து வைத்தார். அந்த வாரமே பாதி சர்வர் அறை அடங்கியது. லாரி வந்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போனது. அது போன பிறகுதான், பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடியம்மா, ஜெயிச்சுட்டு ஏன் இப்படி இருக்கே?" என்றேன்.

"அப்பா தினமும் கேக்கறாரு அண்ணா, உட்கார்ந்துட்டானான்னு. நான் என்னத்தைச் சொல்றது? அவரு உட்காரச் சொன்னாரு. நான் ஆளையே இல்லாம பண்ணிட்டேன்."

"அப்ப உட்கார வையேன். உனக்கு வரையத் தெரியாதா?"

"புதுப் படம் வரையணும்னா அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

ஒரே ஒரு படம் வரைந்தாள். அசையாத படம், அதனால் மெஷினுக்கு வேலையே இல்லை. வானம் நான் போடுகிறேன் என்று மீசைக்காரர் தானாக வந்து நின்றார். நான் காட்சி எழுதினேன். அணில் ஓடிவரும், நிற்கும், பார்க்கும், சத்தம் போடாமல் போய்விடும். ஒரு வரி வசனம்கூட வைக்கவில்லை. எனக்கு அது எத்தனை கஷ்டம் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

அது ஒளிபரப்பான காலையில் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் அப்பாவின் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து, டிவியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பிவிட்டு, ஓரமாக நின்றாள். காடு வந்தது. அதே ஆறு, அதே இலை. அணில் ஓடிவந்து நின்றது. மரத்தடியில் ஒரு பெஞ்சு, அதில் கரடி உட்கார்ந்திருந்தது. பையைக் கழற்றிக் காலடியில் வைத்திருந்தது. அண்ணாந்து பார்க்கவில்லை, சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் பாதி இடம் காலியாக இருந்தது.

"உட்கார்ந்துட்டான்" என்றார் மீட்டர்காரர். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "ஓரமா உட்கார்ந்திருக்கானே. அந்த இடம் யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குப்பா."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பேச்சுக் கேட்காத வலது காலை இடது கையால் பிடித்து இழுத்து, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.