ஜெபதுரை மனைவி ஏசம்மாள்

“கும்புடப் போறேன்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி, ஞாயிறுதோறும் சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நடக்கிறாள் ஏசம்மாள். ஜெபத்துக்குப் போகிறேன் என்று அவள் வாயில் வராது. புருஷன் பெயர் ஜெபதுரை. கோயிலில் எல்லோரும் “ஜெபம் செய்வோம்” என்னும்போது அவள் உதட்டை மடித்துக்கொள்வாள். பெயரின் அடுத்த பாதியையும் சொல்வதில்லை. தோட்டத்துத் துரை குதிரையில் போனால், “வெள்ளக்காரவுக போறாவ” என்பாள்.

முதல் உலகச் சண்டையில் பட்டாளத்துக்குப் போன ஜெபதுரை கடல் கடந்து பஸ்ராவில் இறந்துபோனான். அவனோடு வாழ்ந்தது ஒரு கோடைக்காலம்தான். பிள்ளை இல்லை, ஒரு படம்கூட இல்லை. பருத்திக் கொட்டகையில் கறைப் பஞ்சையும் வெள்ளைப் பஞ்சையும் பிரிக்கிற வேலை அவளுக்கு. கூட உட்காரும் பெண்கள் பொழுதெல்லாம் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவார்கள். “நீ குடுத்து வச்சவடி, ஒனக்குத் திட்ட ஆளில்ல” என்பாள் வெள்ளத்தாய். ஏசம்மாள் முந்தானையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

நிலம் வைத்து வரி கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் ஓட்டு என்றிருந்த முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில், இரண்டும் இல்லாத அவளுக்கும் ஓட்டு வந்தது. செத்த சிப்பாயின் பென்ஷன் வாங்கும் விதவை என்ற வகையில் சர்க்கார் கொடுத்த உரிமை அது. ஆனால் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி. பல ஜில்லாக்களுக்கு நீண்டு கிடந்த அந்தத் தொகுதியில் நின்றவர்கள் யாரும் சேத்தூர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. தெருவில் கொட்டு முழங்க ஓட்டுக் கேட்டு வந்தவர்களோ அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

ஓட்டுப் போடும் நாளன்று தன் கட்சியின் மஞ்சள் பெட்டிக்கு ஆள் திரட்டிய வேல்சாமியின் வண்டியில் அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

“மதினி, ஒங்க ஓட்டு எங்க பொட்டியில விழாதே. ஒங்களுக்கு எதுக்கு வண்டி?”

“காலுக்கும் தனித் தொகுதியா வேல்சாமி? செத்த தள்ளி உக்காரு.”

ராஜபாளையத்துச் சாவடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அதிகாரி புருஷன் பெயரைக் கேட்டதும் ஒருத்தி முகத்தை மூடிக்கொள்ள, பின்னால் நின்றவள் அவளுக்காகச் சொல்லிவிடுவாள். இப்படி ஒருத்திக்கு ஒருத்தி துணை. ஏசம்மாளை மட்டும் கிறிஸ்தவர்களுக்கான கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே அதிகாரியும் குமாஸ்தாவும் தவிர யாருமில்லை.

“புருஷன் பேரு?”

“அதுல எழுதியிருக்குல்லா, நீங்களே வாசிங்க.”

“நீதான் சொல்லணும்.”

அவள் ஓடிப்போய் வேல்சாமியைக் கூட்டிவந்தாள். வேற்றுத் தொகுதி ஆள் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே அவனைத் தடுத்துவிட்டார்கள். ஏசம்மாள் ஓட்டுப் போடாமல் திரும்பினாள்.

“ஒரு பேரச் சொன்னா என்ன மதினி? அவரென்ன வந்து அடிக்கவா போறாரு?” என்றான் வேல்சாமி, வண்டியில்.

“வந்து அடிச்சா நல்லாத்தான் இருக்கும்.”



ஒன்பது வருஷம் கழித்து இந்த நாற்பத்தாறில் மறுபடியும் தேர்தல் வந்தது. இந்தத் தடவையும் வராதவர்களின் பெயரை ஓட்டர் பட்டியலில் அடித்துவிடுவார்களாம் என்று கொட்டகையில் பேச்சு. மெய்யோ பொய்யோ, ஏசம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ‘ஜெபதுரை மனைவி ஏசம்மாள்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருக்கிற இடம், பென்ஷன் காகிதத்தை விட்டால், உலகத்தில் அந்தப் பட்டியல் ஒன்றுதான். பஸ்ராவில் கல் நட்டார்களோ என்னவோ, அவளுக்கு யார் சொன்னார்கள்?

“எம்புட்டுப் பேரு இருக்கு, எம்பேரையா அடிப்பாக?” என்று வெள்ளத்தாயிடம் கேட்டாள். வெள்ளத்தாய்க்கு ஓட்டு இல்லை. அவள் கொட்டாவி விட்டாள்.

வண்டிக்குக் காத்திராமல் விடிந்ததும் ஏசம்மாள் நடந்தே போனாள். அதே கடைசி அறை. அதிகாரிதான் புதியவர்.

“புருஷன் பேரும்மா?”

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். அவள் எதையோ முனகினாள்.

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

“ஜெபதுரை.”

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. தெருக்கோடியில் போகிற ஆளுக்கும் அது கேட்டிருக்கும்.

அதிகாரி சீட்டை நீட்டினார். ஏசம்மாள் கை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் வந்துவிட்டாரா என்பதுபோல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.