சத்து மாத்திரையும் பதர்க் கதிரும்

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு நெல் வயல். கல்யாணமாகி ஆண்டுகள் போயும் குழந்தை இல்லை. வரப்பில் நடக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு சின்ன உருவம் வருவதுபோலவே இருக்கும். சீக்கிரம் பலிக்கட்டும் என்று, ஆன்லைனில் வாங்கிய 'ஆண்மைச் சத்து' மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கினேன். தோள் திரண்டது; விந்துப் பரிசோதனையிலோ உயிரணு எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தது.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஹார்மோன் இருக்குங்க. வெளியிலேருந்து போனா, உடம்பு உயிரணு உண்டாக்குறதையே நிறுத்திடும். விட்டுடுங்க, பெரும்பாலும் பழையபடி வந்துடும்."

வீடு திரும்பும்போது மனைவி வயலைப் பார்த்தபடியே சொன்னாள்: "யூரியா கூடுனா பயிரு கரும்பச்சையா நிக்கும், கதிரு பதராப் போயிடும்னு ஊருக்கே சொல்வீங்களே!"

இப்போது டாக்டரிடம் காட்டாமல் எதையும் விழுங்குவதில்லை. உயிரணு ஏறி வருகிறது. மாலையில் இருவரும் வரப்பில் மெதுவாகத்தான் நடக்கிறோம். பின்னால் வரப்போவது சின்னக் கால்; அது எட்டிப் பிடிக்க வேண்டுமே.